மூச்சைப் பிடிச்சு ஒரு ஆராய்ச்சி!

தூத்துக்குடின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மக்ரூன், பொரிச்ச பரோட்டா, உப்பளம், வ.உ.சி. விட்ட கப்பல்... அப்புறம், முத்து! ஊருக்கே 'முத்து நகர்'னுதான் பட்டப்பேர். அந்தப் பேர்ல ஒரு ரயிலே ஓடுது.

ஆனா பாருங்க, 1967-ல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் தூத்துக்குடிக்காரரா வந்து, முத்துக் குளிக்கக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடுவார். இன்னிக்கும் டி.வி.யில் போட்டா ரிமோட்டைக் கீழே வெச்சிடுவோம். அந்தப் பாட்டு தமிழ்நாடு பூரா ஒலிச்சப்போ, நிஜ தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்னு 6 வருஷம் ஆகியிருந்தது! அங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்க. 1961-ல் 20 வயசுப் பையனா கடலுக்குள் குதிச்ச ஒருத்தர் இன்னிக்கு நம்மகூட இருந்தா, அவருக்கு வயசு 80-ஐத் தாண்டியிருக்கும். அவர் உடம்புக்குத் தெரிஞ்ச கடல் எந்தப் புத்தகத்தில் இருக்கு? எந்த சிலபஸில் இருக்கு?

இந்த வாரம் நாம பார்க்கப்போற பாடம் இந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்குது. பேரு, கலைவழி ஆய்வு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'ஆர்ட்டிஸ்டிக் ரிசர்ச்'னு போர்டு மாட்டியிருப்பாங்க. 'கலைக்கும் ஆராய்ச்சிக்கும் என்னப்பா சம்பந்தம்?'னு கேட்கிறவங்க கொஞ்சம் முன்னாடி பெஞ்சுக்கு வாங்க!

எல்லாரும் கேட்டாச்சு... ஒண்ணு மட்டும் பாக்கி

முத்தைப் பத்தி யார் யாரெல்லாம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கன்னு முதல்ல பார்ப்போம்.

சரித்திரக்காரங்க 'பெரிப்ளஸ்'னு ஒரு கிரேக்கக் கையேட்டைக் காட்டுவாங்க. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வியாபாரி எழுதினது. கொற்கைப் பக்கம் முத்துக் குளிக்கிற வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செஞ்சாங்கன்னு அதில் ஒரு குறிப்பு இருக்கு. 'முத்து நகர்'னு பெருமையா சொல்றோமே, அந்தப் பெருமைக்கு அடியில் இப்படியும் ஒரு கதை!

தொல்லியல்காரங்க மண்ணைக் கேட்டாங்க. 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டிப் பார்த்தது. ஒரு காலத்துத் துறைமுகம், இன்னிக்குக் கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலுக்கும் பனைக்கும் நடுவில் ஒரு கிராமமா உக்காந்திருக்கு.

விலங்கியல்காரங்க சிப்பியைக் கேட்டாங்க. தூத்துக்குடியில் இருக்கிற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 1973-ல் சிப்பிக்குள் கரு வெச்சு முத்து வளர்த்துக் காட்டினாங்க. கடலுக்குள் முங்காமலே முத்து!

ஆக, யாருக்கு, எப்போ, எங்கே, எப்படி விளையுது... எல்லாத்துக்கும் பதில் வந்தாச்சு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழி. எல்லாமே நல்ல பதில்கள்தான். ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கே... குளிக்கிற ஆள் எப்படிக் குளிச்சார்?

ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. கயித்தில் கட்டின ஒரு கல். அதில் கால் வெச்சு, மூச்சை இழுத்துப் பிடிச்சு, கனத்தோட சர்ருனு கீழே இறங்கணும். 'பார்'னு சொல்ற சிப்பிப் படுகைக்குப் போய், கைக்கு எட்டின சிப்பியை வலைப் பையில் அள்ளணும். மூச்சு முட்டும்போது கயித்தை ஆட்டணும். மேலே வள்ளத்தில் இருக்கிறவர் இழுப்பார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ முறை.

அந்தக் கயித்தைப் பிடிக்கிற ஆள் யாருன்னு தெரியுமா? பெரும்பாலும் மச்சினனாத்தான் இருக்கணும்னு கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. ஏன்னா இழுக்கிறதில் அவர் கொஞ்சம் அசந்தாலும், தாலி அறுக்கப்போறது அவர் கூடப்பிறந்தவளாச்சே!

இப்போ யோசிச்சுப் பாருங்க. கடல் அசையுது, வள்ளம் ஆடுது, நீரோட்டமும் கயித்தை இழுக்குது. இத்தனைக்கும் நடுவில், 'இது தண்ணி இழுக்கிற இழுப்பு, இது மாப்பிள்ளை இழுக்கிற இழுப்பு'ன்னு அந்த மச்சினன் விரலுக்கு எப்படித் தெரிஞ்சது? அவர்கிட்டயே கேட்டா என்ன சொல்லியிருப்பார்? 'அது தெரியும்ல!' அவ்வளவுதான்.

அவர் எதையும் மறைக்கலை. நிஜமாவே அதைச் சொல்லில் கொண்டுவர முடியாது. சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச நீங்க, எப்படி பேலன்ஸ் பண்றீங்கன்னு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க... மாட்டிக்குவீங்க! மைக்கேல் பொலானினு ஒரு அறிஞர். வேதியியல் விஞ்ஞானியா இருந்து தத்துவத்துக்கு வந்தவர். இந்தச் சொல்ல வராத அறிவைப் பத்தியே 1966-ல் ஒரு புத்தகம் போட்டார். மனுஷனுக்குத் தெரிஞ்சது, அவனால் சொல்ல முடிஞ்சதை விட எப்பவும் ஜாஸ்தி என்பதுதான் அவர் கட்சி.

சொல்ல முடியாத அறிவைக் கேள்வித்தாள் கொடுத்து வாங்க முடியாது. செஞ்சு பார்த்துத்தான் வாங்கணும். பாடிப் பார்த்து, நடிச்சுப் பார்த்து, வரைஞ்சு பார்த்து, கருவி கட்டிப் பார்த்து. கலைவழி ஆய்வு நுழையற வாசல் இதுதான்.

ஒரு தோணி... மூணு ஆராய்ச்சி

குழப்பம் வராம இருக்க ஒரு உதாரணம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மரத் தோணிகளைப் பார்த்திருப்பீங்க. காய்கறி, கட்டடச் சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு மாலத்தீவு வரைக்கும் போய் வந்த சரக்குத் தோணிகள். அந்தக் காலத்தில் பாய் விரிச்சு ஓடினது, பிறகு என்ஜினுக்கு மாறிச்சு. தோணியை நடத்துற தலைவருக்குத் 'தண்டல்'னு பேர்.

இந்தத் தோணியை வெச்சு மூணு மாணவர்கள் ஆராய்ச்சிக்குக் கிளம்புறதா வெச்சுக்குவோம்.

முதல் ஆள், தோணிக்காரங்க பாடற பாட்டுகளைச் சேகரிச்சு, எத்தனை வகை, எந்த வேலைக்கு எந்தப் பாட்டுன்னு பிரிச்சு எழுதறார். இது கலையைப் பற்றிய ஆராய்ச்சி. நம்ம தமிழ்த்துறைகளில் நிறைய நடக்குது.

ரெண்டாவது ஆள் சினிமா ஆர்ட் டைரக்டர்கிட்ட அசிஸ்டென்ட். செட் போடணும். தோணியோட நீள அகலம், பலகை, பாய்க்கயிறு எல்லாத்தையும் அளந்து குறிச்சுக்கறார். இது கலைக்கான ஆராய்ச்சி. படம் வந்ததும் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிடும்.

மூணாவது ஒரு பொண்ணு. நாடகக் குழுவில் இருக்கா. அவளுக்கு ஒரு கேள்வி: 'நட்சத்திரம் தெரியாத ராத்திரியில் தண்டல் எதை நம்பி திசை பிடிக்கிறார்?' தோணியில் ஏறிப் போறா. சுக்கான் பிடிச்சுப் பழகுறா. காத்து முகத்தில் எந்தப் பக்கம் படுது, அலை தோணியை எந்தப் பக்கம் தூக்குது எல்லாத்தையும் உடம்பில் வாங்கிக்கிட்டு வர்றா. அப்புறம் கண்ணைக் கட்டின நடிகர்களை வெச்சு ஒத்திகை. அதில் அவளே எதிர்பார்க்காத சில விஷயங்கள் தட்டுப்படுது. மறுபடி தண்டல்கிட்ட போய், 'இப்படித்தானா அண்ணாச்சி?'னு கேட்கிறா. அவர், 'இல்லம்மா, அலையைக் காலால கேக்கணும்'னு திருத்துறார். கடைசியில் ஒரு நாடகம் வருது. கூடவே, எதைத் தேடினேன், எப்படித் தேடினேன், எங்கே தப்புத் தப்பாப் போய் எங்கே பிடிச்சேன்னு ஒரு பதிவும் வருது.

இந்த மூணாவதுதான் கலை வழியா நடக்கிற ஆராய்ச்சி. நாடகம் இங்கே ஆராய்ச்சியோட முடிவு மட்டும் இல்லீங்க, ஆராய்ச்சி நடந்த லேபும் அதுதான்!

இந்த மாதிரி மூணாப் பிரிச்சுப் பேசியவர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங். வருஷம் 1993. அதுக்கும் முன்னாடியே, 1980-களில், ஃபின்லாந்தில் இசைக் கலைஞர்களுக்குக் கச்சேரியையும் சேர்த்து மதிப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க. 1999-ல் ஐரோப்பிய நாடுகள் பொலோனியா நகரில் கூடி, உயர்கல்வியை ஒரே அமைப்புக்குள் கொண்டுவரக் கையெழுத்துப் போட்டாங்க. கலைக் கல்லூரிகளுக்கும் 'உங்க ஆராய்ச்சி என்ன?'ங்கிற கேள்வி வந்தது. பதில் தேடித்தான் இந்தத் துறை வேகமா வளர்ந்தது. 2010-ல் இதுக்குன்னே ஒரு சர்வதேச சங்கம், 2011-ல் ஒரு ஆய்விதழ். கட்டுரைக்குள்ளேயே ஒலி, வீடியோ, படம் எல்லாத்தையும் ஆதாரமா வெச்சு வெளியிடற இதழ் அது.

நம்மாளுங்க எப்பவோ பண்ணிட்டாங்க!

'அதான பார்த்தேன், இதுவும் ஃபாரின் சரக்கா?'ன்னு சலிச்சுக்காதீங்க. பேர்தான் புதுசு. வேலை நம்ம பக்கத்தில் எப்பவோ நடந்திருக்கு.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவுன்னு ஓர் ஊர். அங்கே பிறந்தவர் விபுலானந்த அடிகள். சயின்ஸ் பட்டதாரி, துறவி, தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தில் வர்ற யாழ் அவரைத் தூங்கவிடலை. பேர் இருக்கு, வர்ணனை இருக்கு, வாத்தியம் மட்டும் இல்லை! ஆயிரம் வருஷத்துக்கும் மேலே யாரும் கேட்காத ஓசை.

சும்மா உரை எழுதிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படி விடலை. நரம்புக்கு நரம்பு என்ன விகிதம், எந்தச் சுரம் எங்கே விழும்னு கணக்குப் போட்டார். கணக்கு சரிதானான்னு பார்க்க ஒரே வழி, யாழைச் செஞ்சு மீட்டிக் கேட்கிறதுதான். பல வருஷ உழைப்புக்கு அப்புறம் 1947-ல் 'யாழ் நூல்' அரங்கேறினப்போ, புத்தகம் மட்டும் மேடைக்கு வரலை. அவர் ஆராய்ச்சிப்படி செஞ்ச யாழ்களும் வந்து ஒலிச்சது. அடுத்த மாசமே அவர் காலமாயிட்டார்.

இதில் கவனிங்க. புத்தகத்தைப் படிச்சா 'சரியா இருக்கும் போல'ன்னு தோணும். யாழ் ஒலிச்சா காது தீர்ப்பு சொல்லிடும். அந்தக் காதுதான் அங்கே அளவுகோல்.

அடுத்தது நம்ம தூத்துக்குடி மாவட்டமே. கடலோரம் இல்லை, உள்ளே, கோவில்பட்டி பக்கத்து இடைசெவல். கி.ராஜநாராயணன்! மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதா தன்னைப் பத்தி வேடிக்கையா சொல்லிக்கிட்ட மனுஷர். கதை எழுதறதுக்காகக் கரிசல் மக்களோட பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர், அந்தக் காதை வெச்சே 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அகராதி போட மொழியியல் பட்டம் வேணும்னு அவருக்கு யாரும் சொல்லலை போல. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்! பின்னாடி பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் அவரையே பேராசிரியரா கூப்பிட்டு உட்கார வெச்சது. 2021-ல் அவர் மறைஞ்சப்போ அரசு மரியாதையோட வழியனுப்பினாங்க.

துறைமுக ரிஜிஸ்டரில் இல்லாதது

இப்போ கடற்கரைக்கு வருவோம். ஆர்.என்.ஜோ டி குரூஸ். உவரிக்காரர். கப்பல் தொழிலில் வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். 2004-ல் 'ஆழி சூழ் உலகு', 2009-ல் 'கொற்கை'. முதல் நாவல் கட்டுமரத்தில் கடலுக்குப் போற பரதவர்களோட கதை, 1933-லிருந்து 1985 வரை. ரெண்டாவது, 1914-லிருந்து 2000 வரை தூத்துக்குடியின் தோணியும் கப்பலும் வியாபாரமும். தலையணை சைஸ், ஆயிரம் பக்கத்துக்கும் மேலே! 2013-ல் சாகித்ய அகாடமி விருது அதுக்குத்தான்.

'நாவல்னா கற்பனை. கற்பனை எப்படி ஆராய்ச்சி ஆகும்?'

நியாயமான கேள்வி. துறைமுக ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்க. எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை டன் இறங்கிச்சுன்னு இருக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனா தோணி முதலாளிக்கும் தண்டலுக்கும் நடுவில் இருந்த பயம், கோயில் திருவிழாவில் யார் எங்கே நிக்கலாங்கிற கணக்கு, பாயை எடுத்துட்டு என்ஜின் வெச்ச அன்னிக்கு வேலை இழந்தவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்... இதுக்கெல்லாம் ரிஜிஸ்டரில் காலம் கிடையாது.

நாவலாசிரியர் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு ஓடவிட்டுப் பார்க்கிறார். பாத்திரம் கற்பனையா இருக்கலாம். ஆனா வாடைக்காத்து வீசுற மாசமும், பாயைத் தட்டுற முறையும், சாமியாருக்கு முன்னாடி குரல் தாழுற விதமும் கற்பனையா இருக்க முடியாது. தப்பா எழுதினா? சென்னையில் இருக்கிற விமர்சகர் விட்டாலும், திரேஸ்புரத்தில் இருக்கிற வாசகர் விட மாட்டார்! பி.எச்டி. வைவாவில் நாலு பேர்தான் கேள்வி கேட்பாங்க. இங்கே கரை முழுக்க எக்ஸாமினர்ஸ்.

ஜோ டி குரூஸ் 'நான் கலைவழி ஆய்வு பண்றேன்'னு போர்டு மாட்டிக்கலை. நாவலை நாவலாத்தான் எழுதினார். ஆனா நாவல் எழுதாமல் கண்டுபிடிச்சிருக்க முடியாத விஷயங்கள் அதில் இருக்கு. நமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

செல்போனில் ஒரு கடல்

'நமக்கு ஆயிரம் பக்கமெல்லாம் ஆகாது பாஸ்'னு சொல்றவங்களுக்கு மும்பையிலிருந்து ஓர் உதாரணம். 'கேம்ப்'னு ஒரு கலைஞர் குழு. 2013-ல் 'ஃப்ரம் கல்ஃப் டு கல்ஃப் டு கல்ஃப்'னு ஒரு படம் கொடுத்தாங்க. கட்ச் வளைகுடாவிலிருந்து மரக்கப்பலில் சரக்கு ஏத்திக்கிட்டு அரபு நாடுகளுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போற மாலுமிகளைப் பத்தினது. நம்ம தோணிக்குப் பெரியண்ணன்னு வெச்சுக்கங்க.

விசேஷம் என்னன்னா, படத்தில் பெரும்பகுதி மாலுமிகளே தங்கள் செல்போனில் எடுத்த வீடியோ. நடுக்கடல், சமையல், பக்கத்தில் துள்ளுற மீன், தீப்பிடிச்சு எரியற கப்பல்... பின்னணியில் அவங்களே போட்டுக்கிட்ட பாட்டு. கலைஞர்கள் பல வருஷம் அவங்களோட பழகி, அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு கடல்பாதையின் வாழ்க்கையா கோத்தாங்க. கேமராவைத் தூக்கிக்கிட்டு வெளியிலிருந்து போன யாருக்கும் அந்த ஷாட் கிடைச்சிருக்காது.

தூத்துக்குடி தோணியில் போனவங்க கையிலும் செல்போன் இருந்திருக்கே? எத்தனை மெமரி கார்டில் எத்தனை மாலத்தீவுப் பயணம் அழிஞ்சுக்கிட்டிருக்கோ!

அப்போ எது வேணும்னாலும் ஆராய்ச்சியா?

மெதுவா, மெதுவா! ராத்திரி ஒரு கவிதை எழுதிட்டு, காலையில் 'டாக்டர்'னு கையெழுத்துப் போட முடியாது. நல்ல கலை எல்லாமே கலைவழி ஆய்வு ஆயிடாது, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. வித்தியாசம் எங்கேன்னு பார்க்க நாலு கேள்வி கேட்கலாம்.

ஒண்ணு, தேடறது என்னன்னு உங்களால் ஒரு வரியில் சொல்ல முடியுதா? 'கடலைப் பத்தி ஏதோ பண்றேன்' போதாது. 'கயிறு பிடிக்கிறவர் கைக்கு என்ன தெரியும்?' இது கேள்வி.

ரெண்டு, அந்தப் பதில் செஞ்சு பார்க்காம கிடைக்குமா? லைப்ரரியிலேயே கிடைக்கும்னா லைப்ரரிக்குப் போங்க. அங்கே ஃபேன் இருக்கு!

மூணு, வந்த வழி எழுதி வெச்சிருக்கா? எடுத்தது, கழிச்சது, சரிவராம விட்டது எல்லாம். நாளைக்கு இன்னொருத்தர் உங்க வழியில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்து, 'இந்த இடத்தில் நீ சொல்றது சரியில்லை'ன்னு சொல்ல முடியணும். மறுத்துப் பேச முடியாத எதுவும் ஆராய்ச்சி ஆகாது.

நாலாவதுதான் முக்கியம். யாருடைய அறிவை எடுத்தீங்களோ, அவங்க முன்னாடி அதைத் திரும்பக் கொண்டுபோய் வெச்சீங்களா?

இந்த நாலாவது ஏன் முக்கியம்னா, முத்துக் கடற்கரையோட வரலாறே எடுத்துக்கிட்டுப் போனவங்களோட வரலாறு. பாண்டியன், போர்ச்சுக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன்னு ஒவ்வொருத்தரா வந்து பங்கு வாங்கிட்டுப் போனாங்க. உயிரைப் பணயம் வெச்சு முங்கினவர் பேர் எந்த நகையிலும் இல்லை. இப்போ நாம ஒரு ரெக்கார்டரோட போய், கதையை வாங்கி, ஃபெஸ்டிவலில் பரிசு வாங்கிட்டு, ஊர்ப்பக்கமே திரும்பலைன்னா, அதுவும் ஒரு முத்துக்குளிப்புதான். சிப்பிக்குப் பதில் கதை, அவ்வளவுதான் வித்தியாசம்!

இதே மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறாங்க. எம்.பழனிக்குமார் என்ற புகைப்படக் கலைஞர் 2019-ல் 'பாரி' இணைய இதழில் அவங்களைப் படத்தோட எழுதினார். அதில் அவங்க 'மீனவப் பெண்'னு பொதுவா வராம, பேரோட வர்றாங்க, அவங்க சொன்ன வார்த்தையோட வர்றாங்க. பேர் போடறது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கேள்வி கேட்டவர் யார், பதில் தெரிஞ்சவர் யார்னு ஒத்துக்கிற விஷயம் அது.

இப்போ ஏன் அவசரம்?

கடல் காத்திருக்காது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் 2 தீவு ஏற்கெனவே தண்ணிக்குள் போயாச்சு. தூத்துக்குடிக்கு நேரா இருக்கிற வான் தீவும் கரைஞ்சு சுருங்கினதால், அதைக் காப்பாத்த 2015-லிருந்து செயற்கைப் பவளப் பாறைகளை இறக்கி வெச்சாங்க. விஞ்ஞானிகள் அளந்து சொல்றாங்க, இத்தனை ஏக்கர் குறைஞ்சதுன்னு. அந்தத் தீவைக் கண்ணால் வெச்சே வள்ளத்தைத் திருப்பினவங்களுக்குக் குறைஞ்சது எவ்வளவு? அதை அளக்க ஸ்கேல் கிடையாது. ஒரு பாட்டோ, ஒரு வரைபடமோ, ஒரு நாடகமோ அதுக்குக் கிட்டத்தில் போகலாம்.

முத்து நின்னாலும், சங்கு குளிக்கிறவங்க தூத்துக்குடியில் இருக்காங்க. ஆனா மூச்சைப் பிடிச்சு முங்கின காலம் போய், காத்துக் குழாயோட இறங்கற காலம் வந்தாச்சு. உடம்பு பழகற விதமே மாறுது. பழைய கையைப் பார்த்த கடைசித் தலைமுறை இப்போ திண்ணையில் உக்காந்திருக்கு.

சரி, படிச்சா வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்லிடறேன். இந்தப் பேரைச் சொல்லி உங்க காலேஜுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் வராது. நம்ம பக்கத்துக் காலேஜ்களில் இந்தப் பேரில் ஒரு டிகிரியைத் தேடினாலும் சிரமம்தான். ஆனா டாக்குமென்டரி, மியூசியம், ஆவணக் காப்பகம், நாடகம், டிசைன்னு எங்கே போனாலும், கேள்வியோட வேலை செய்யத் தெரிஞ்ச கலைஞருக்கும், கையால் யோசிக்கத் தெரிஞ்ச ஆய்வாளருக்கும் மதிப்பு இருக்கு.

களப்பணி கத்துக்கணும்னா பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பல வருஷமா பேர்பெற்ற இடம். ஓவியம், சிற்பம்னா சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கு. பெங்களூரில் உள்ள 'இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்' கலை ஆய்வுகளுக்குப் பண உதவி செய்யுது. இங்கிலீஷ் வரலையேன்னு தயங்காதீங்க, இந்திய மொழிகளிலும் விண்ணப்பிக்கலாம்.

பி.காம். படிக்கிறவங்க, மெக்கானிக்கல் படிக்கிறவங்க எல்லாம் 'நமக்கில்லை'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. விபுலானந்தர் சயின்ஸ் ஸ்டூடன்ட். ஜோ டி குரூஸ் படிச்சது பொருளாதாரம். கி.ரா.வுக்கு டிகிரியே கிடையாது!

இந்த வார ஹோம் ஒர்க்

உங்க வீட்டிலோ தெருவிலோ, கையால் ஒரு வேலையைப் பல வருஷமா செய்ற பெரியவர் ஒருத்தரைப் பிடிங்க. வலை பின்னுற தாத்தா, உப்பளத்தில் உப்பு வாருற அக்கா, கருப்பட்டி காய்ச்சுற ஆச்சி, யாரா இருந்தாலும் சரி. 'எப்படிச் செய்றீங்க?'னு கேட்காதீங்க. 'எனக்குக் கத்துக்கொடுங்க'ன்னு கேளுங்க. ஒரு மணி நேரம் அவங்க சொல்றபடி செய்ங்க. அவங்க எந்த இடத்தில் பேச்சை நிறுத்திட்டு உங்க கையைப் பிடிச்சுத் திருத்துறாங்களோ, அந்த இடத்தை நோட்டில் குறிங்க.

சொல் முடிஞ்சு கை ஆரம்பிக்கிற இடம் அது. உங்க ஆராய்ச்சிக் கேள்வி அங்கேதான் இருக்கு. அடுத்த நாள் அதை வரைஞ்சு பாருங்க, நடிச்சுப் பாருங்க, ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. அப்புறம் மறக்காம அவங்ககிட்டயே கொண்டுபோய்க் காட்டுங்க. 'ஏலே, இப்படியா செஞ்சேன் நான்?'னு சிரிச்சா, நீங்க தோத்துட்டதா அர்த்தம் இல்லை. முதல் எக்ஸாமினர் ரிப்போர்ட் வந்திடுச்சுன்னு அர்த்தம்!